சிக்கி ஓடும் படமும் அப்டேட் என்னும் மருந்தும்

தூத்துக்குடியில் கல்யாண வீடியோ என்பது இப்போது ஒரே கேமராவின் வேலை இல்லை. மில்லர்புரத்தில் பெண் வீட்டுச் சடங்கை ஒரு கேமரா எடுக்கும். மண்டபத்தில் மேடைக்கு நேரே முக்காலியில் ஒன்று நிற்கும், கூட்டத்துக்குள் கிம்பலில் இன்னொன்று சுற்றி வரும். சித்தப்பா மகன் செல்போனில் எடுத்ததும் “இதையும் சேர்த்துக்கோங்க அண்ணே” என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் வந்து விழும். இத்தனையும் ஒரே டைம்லைனில் ஏறும்போதுதான் எடிட்டிங் மேசைக்குப் பழகிப்போன அந்தப் புகார் எழுகிறது: படம் சிக்கிச் சிக்கி ஓடுகிறது, ஜெர்க் அடிக்கிறது. அதற்குக் கிடைக்கும் பதிலும் பழகியதுதான்: “சாஃப்ட்வேரை அப்டேட் போட்டுப் பாருங்க.” அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். படம் தடுமாறுவது ஒரே நோய் இல்லை, பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. அந்த நோய்களில் சிலவற்றுக்கு மட்டுமே அப்டேட் மருந்தாகும். பெரும்பாலானவை கேமராவின் அமைப்பிலும் கோப்பின் தன்மையிலும் கணினியின் சூட்டிலும் இருக்கின்றன. எனவே அப்டேட்டை முதல் வேலையாகச் செய்வது பிழை. அதைக் கடைசிப் படிகளில் ஒன்றாக, அதுவும் கையில் வேலை இல்லாத நாளில், செய்வதே முறை.

நடுக்கம் எங்கே இருக்கிறது?

எடிட்டர் தன் திரையில் காணும் தடுமாற்றம் இரண்டு வகைப்படும். ஒன்று, கணினி திணறுவதால் அந்தத் திரையில் மட்டும் தெரிவது. மற்றொன்று, படத்துக்குள்ளேயே பதிந்துவிட்டது. முதல் வகை எடிட்டரின் பொறுமையைச் சோதிக்கும், ஆனால் எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் கொடுக்கும் படத்தில் அது இருக்காது. கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் நிதானமாகக் கணக்கிட்டே கோப்பை எழுதுகிறது, நேரத்தோடு போட்டி போட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. இரண்டாவது வகை மாப்பிள்ளை வீட்டு டி.வி.யிலும் அப்படியே தெரியும். இரண்டையும் பிரித்தறிய ஐந்து நிமிடம் போதும். சிக்கும் இடத்தில் இருபது நொடியை மட்டும் தனியே எக்ஸ்போர்ட் செய்து, வேறொரு கருவியில், செல்போனிலோ டி.வி.யிலோ, ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே சீராக ஓடினால் குறை கணினியில், அதே இடத்தில் அங்கேயும் துள்ளினால் குறை கோப்பில். இந்தக் கடற்கரைக்கு இந்த நியாயம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலடி முத்துப் பார்களை எடுத்த எடுப்பில் திறந்துவிடுவதில்லை. மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்து தேறுமா என்று மதிப்பிட்ட பிறகே சலாபம் என்னும் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். 1961ஓடு அந்தச் சலாபங்கள் நின்றுவிட்டன. ஆனால் முழுப் பாரையும் தொடுவதற்கு முன் ஒரு கை சிப்பியைத் திறந்து பார்க்கும் புத்தி எந்தத் தொழிலுக்கும் பொருந்தும். இந்தச் சோதனையைச் செய்யாமல் அப்டேட் பொத்தானை அழுத்துகிறவர், என்ன வியாதி என்று தெரியாமலே மாத்திரை விழுங்குகிறார்.

கோப்பில் பதிந்த நடுக்கம்

கோப்பில் பதியும் நடுக்கத்தின் தாய்வேர் ஃபிரேம் கணக்கு. இந்தியாவின் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதை ஒட்டி நம் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 ஃபிரேம் என்று அமைந்தது. கல்யாண வீடியோக்காரர்களும் கேமராவை 25 அல்லது 50இல் வைத்துப் பழகியவர்கள். செல்போன்களோ பெரும்பாலும் 30 அல்லது 60இல் எடுக்கின்றன. இரண்டும் ஒரே டைம்லைனில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 5 அன்று பனிமய மாதா பேராலயத்தின் தங்கத்தேர் பவனி நடந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு தேர் வந்ததால் தெருவெங்கும் செல்போன்கள் உயர்ந்து நின்றன. அப்படி 30 ஃபிரேமில் எடுத்த ஒரு காட்சியில், தேரின் விளிம்பு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திரையில் 10 புள்ளி நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதை 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் மென்பொருள் ஒவ்வோர் ஆறு ஃபிரேமிலும் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். அப்போது தேர் 10, 10, 10, 10 என்று நகர்ந்து, ஐந்தாவது அடியில் 20 புள்ளி தாவும். நொடிக்கு ஐந்து முறை இந்தத் தாவல் வருகிறது. கூட்டத்தின் முகங்களை எடுத்த நிலைக்காட்சியில் இது கண்ணில் படாது. தேர் போல ஒரே வேகத்தில் ஊர்வதும், கேமரா பக்கவாட்டில் திரும்புவதும்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். 60இல் எடுத்தாலும் முழுவதும் தப்ப முடியாது. 60ஐ 25ஆகக் குறைக்கும்போது இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று சமமில்லாமல் எட்டு வைக்க வேண்டியிருக்கும். 50இல் எடுத்தது மட்டும் ஒன்று விட்டு ஒன்றாக 25இல் சுத்தமாக அமர்கிறது. இது வகுத்தல் கணக்கு. எந்தப் பதிப்பு வந்தாலும் 30ஐ 25 மீதியின்றி வகுக்காது.

செல்போனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது 30 என்று சொன்னாலும் 30இல் நிலைத்து நிற்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், சூடேறினால் வேகத்தைத் தளர்த்தும். ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளி இப்படிக் கூடிக் குறையும். சீரான இடைவெளியை எதிர்பார்க்கும் எடிட்டிங் மென்பொருளில் இந்தக் கோப்பு ஏறினால் படம் துள்ளும். நீளமான காட்சியில் முடிவை நெருங்க நெருங்க உதடும் ஒலியும் விலகும். இதற்கு மருந்து, டைம்லைனில் ஏற்றுவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் கோப்பை மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்வது. பெரிய எடிட்டிங் மென்பொருள்கள் இத்தகைய கோப்புகளைச் சமாளிக்கப் பின்னாளில் கற்றுக்கொண்டது உண்மை. அந்த அளவுக்கு மிகப் பழைய பதிப்பில் இருப்பவருக்கு அப்டேட் உதவும். ஆனால் சமாளிப்பது வேறு, சரிசெய்வது வேறு. கேமரா எடுக்காமல் விட்ட ஃபிரேமை மென்பொருள் ஊகித்து நிரப்பலாமே தவிர மீட்டுக்கொண்டு வர முடியாது. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ இன்னும் ஒரு படி கீழே. அது மறுபடி சுருக்கப்பட்டே வந்து சேர்கிறது. அசல் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்வதும், கேபிள் போட்டு நேரடியாக எடுத்துக்கொள்வதும் எந்த அப்டேட்டையும் விட அதிக பலன் தரும்.

நடுக்கம் என்று வாடிக்கையாளர் சொல்வதில் வேறு இரண்டும் கலந்திருக்கும். ஒன்று விளக்கின் துடிப்பு. 50 சுற்று மின்சாரத்தில் எரியும் டியூப் லைட்டும் மலிவான சீரியல் விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கேமராவின் ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் துடிப்போடு ஒத்துப்போகும். 1/60 என்றால் மண்டபச் சுவரில் கறுப்புப் பட்டைகள் ஊர்வது போலத் தெரியும். மற்றொன்று எடிட்டரின் மானிட்டர். சாதாரண மானிட்டர் நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பிக்கிறது. 25 ஃபிரேம் படத்தை அதில் ஓட்டினால் சில ஃபிரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் தங்கும். அதாவது சில ஃபிரேம்கள் 33 மில்லி நொடி, சில 50 மில்லி நொடி. கணினி ஒரு ஃபிரேமையும் தவறவிடாமல் வேலை செய்யும்போதே ஊரும் காட்சி மெல்ல உதறுவது இதனால்தான். மானிட்டரை 50க்கு மாற்றிப் பார்த்தால் சில நொடியில் விளங்கிவிடும். டைம்லைன் வேகமாக ஓடுகிறது, கைவிட்ட ஃபிரேம் எண்ணிக்கை பூஜ்யம் என்று மென்பொருளே காட்டுகிறது, ஆனாலும் படம் உதறுகிறது என்று குழம்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

கணினி திணறும் நடுக்கம்

இனி, முதலில் சொன்ன வகை. 4கே படத்தின் ஒரு ஃபிரேமில் 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. சுருக்காமல் வைத்தால் ஒரு ஃபிரேமே 25 எம்.பி., ஒரு நொடிக்கு 600 எம்.பி.க்கு மேல். கேமரா அதை நொடிக்கு 12 எம்.பி. அளவுக்குச் சுருக்கித் தருகிறது. ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படிப்பது பெரும்பாலும் பெரிய பாரமில்லை. சுருக்கியதை 40 மில்லி நொடிக்கு ஒருமுறை பிரித்துக் காட்டுவதே பாரம். (பழைய யு.எஸ்.பி. பென் டிரைவிலிருந்தோ நிரம்பி வழியும் டிஸ்க்கிலிருந்தோ நேராக எடிட் செய்கிறவர்கள் இந்த விதிக்கு விலக்கு.) 2003இல் வந்த எச்.264 முறையும் 2013இல் வந்த எச்.265 முறையும் இடத்தை மிச்சப்படுத்தும் விதம் கடைக் கணக்கைப் போன்றது. மாதத்தின் முதல் தேதியில் மட்டும் முழு இருப்பை எழுதிவிட்டு, மற்ற நாட்களில் வரவு செலவு வித்தியாசத்தை மட்டும் எழுதினால் பேரேடு மெலிந்துவிடும். ஆனால் இருபதாம் தேதி இருப்பு என்ன என்று கேட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த வீடியோக்களில் முழுப் படம் அவ்வப்போதுதான் இருக்கும், இடையில் உள்ளவை வித்தியாசக் குறிப்புகள். நேராகப் பார்க்கிறவருக்கு இதனால் தொல்லையில்லை. எடிட்டரோ கிளிப்பின் நடுவில் குதிக்கிறார், பின்னோக்கி இழுக்கிறார், நான்கு கேமராவையும் ஒன்றாக ஓட விடுகிறார். ஒவ்வொரு தொடுதலுக்கும் கணினி பின்னால் போய்க் கூட்டத் தொடங்குகிறது. பார்ப்பதற்காக உருவான முறையில் வெட்டுகிறோம் என்பதே இந்தத் திணறலின் மூலம்.

இந்தக் கூட்டல் வேலைக்கென்றே கணினிச் சில்லுகளில் தனிப் பகுதி உண்டு. அதற்குத் தெரிந்த கோப்பு வகை என்றால் நான்கு கேமராவும் சிரமமின்றி ஓடும், தெரியாதது என்றால் முழுச் சுமையும் பிராசஸர் தலையில் ஏறும். சில ஆண்டுகளாகக் கல்யாணக் கேமராக்களில் பரவியுள்ள 10 பிட் 4:2:2 வகை இப்படித்தான் பலரைத் திண்டாட வைத்தது. நிறம் அழகு, திருத்த வசதி, ஆனால் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டுகள் பலவற்றுக்கே அதைப் பிரிக்கத் தெரியவில்லை. 2020இல் வந்த ஆப்பிளின் எம்1 சில்லும் இன்டெலின் 11ஆம் தலைமுறைச் சில்லும் எச்.265இல் அந்த வகையை எளிதாகப் பிரித்தன. என்விடியாவோ 2025இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசையில்தான் 4:2:2க்கு வழி செய்தது. இதனால் பெருந்தொகை போட்டு வாங்கிய கார்டு இருக்கும் கணினியை விட மெலிந்த மடிக்கணினி ஒன்று அதே கிளிப்பைச் சீராக ஓட்டும் விசித்திரம் நடக்கிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு கிளிப்பை ஓட்டினால் இது கண்கூடு. வீடியோ டீகோட் என்ற வரைபடம் தரையோடு கிடக்க, பிராசஸர் 100 சதவீதத்தில் முட்டினால், கார்டு அந்தக் கோப்பைத் தொடவே இல்லை என்று பொருள்.

கடற்கரை ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியின் காற்றில் ஈரமும் உப்பும் கலந்தே வரும். தூசி அந்த ஈரத்தோடு சேர்ந்து கணினியின் விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகடுகளிலும் அப்பிக்கொள்கிறது, இணைப்பு முனைகளில் களிம்பு ஏறுகிறது. வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு. காலையில் முதல் பத்து நிமிடம் எல்லாம் நன்றாக ஓடும், பிறகு அதே கிளிப் தடுமாறும். மென்பொருளில் பிழை என்றால் பெரும்பாலும் அது நேரம் பார்த்து வராது. மின்சாரம் போய் மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது மட்டும் சிக்குவதும் இந்த இனம்தான், அது மின்சாரச் சிக்கனத்துக்காகக் கணினி செய்துகொண்ட ஏற்பாடு. இவற்றுக்கு வேண்டியது ஊதி, தூரிகை, புதிய வெப்பப் பசை, காற்றோட்டமுள்ள மேசை. புதிய பதிப்பு பெரும்பாலும் கூடுதல் வேலை வாங்குவதாகவே இருக்கும். சூட்டில் தவிக்கும் கணினியில் அதை ஏற்றினால் தடுமாற்றம் கூடவே செய்யும்.

நெகட்டிவைத் தொடாத எடிட்டர்

கணினி திணறுவதற்கு நிச்சயமான தீர்வு அப்டேட்டை விடப் பழையது. பிலிம் காலத்தில் எந்த எடிட்டரும் அசல் நெகட்டிவை வெட்டிப் பழகவில்லை. நெகட்டிவிலிருந்து ரஷ் பிரிண்ட் எடுத்து அதில்தான் வெட்டுவார்கள், ஒட்டுவார்கள், பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடி ஒட்டுவார்கள். கீறல் விழுந்தாலும் கவலை இல்லை. வெட்டு முடிவானபின் பிலிமின் விளிம்பில் அச்சான எண்களைப் பார்த்து நெகட்டிவை ஒருமுறை மட்டும் வெட்டுவார்கள். தமிழ்த் திரையில் கணினி நுழைந்தபோதும் இந்த ஒழுங்கு மாறவில்லை. 1994இல் வெளிவந்த ‘மகாநதி’, ஏவிட் முறையில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கால டிஸ்க்குகளில் முழுத் தரப் படத்துக்கு இடமில்லாததால் ஏவிட் போன்ற கருவிகளில் குறைந்த தரத்தில் ஏற்றித்தான் வெட்டினார்கள், எண்களின் பட்டியல் மட்டும் நெகட்டிவுக்குப் போனது. இன்று புராக்ஸி என்று சொல்வது இதே ரஷ் பிரிண்ட்தான். அசலுக்குப் பதிலாக, ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக உள்ள, எளிதில் பிரியும் ஒரு நகலை வைத்து எடிட் செய்கிறோம். எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருள் தானே அசலுக்கு மாறிக்கொள்கிறது. பிரீமியர், எடியஸ், டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது, விலையில்லாமல் கிடைக்கும் கேடிஎன்லைவில்கூட இருக்கிறது. புராக்ஸியைக் கையாலாகாதவர்களின் குறுக்கு வழி என்று நினைப்பவர்கள் உண்டு. வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. அசலிலேயே நேராக வெட்டும் பழக்கம்தான் புதிது.

இடமும் நேரமும் போகுமே என்பது நியாயமான கேள்வி. நொடிக்கு 36 மெகாபிட் அளவுள்ள ஒரு புராக்ஸி மணிக்கு 16 ஜி.பி. பிடிக்கும். எல்லாக் கேமராவும் சேர்த்து எட்டு மணி நேரப் பதிவு என்றால் 130 ஜி.பி. இன்றைய எஸ்.எஸ்.டி.யில் அது பெரிய இடமில்லை, வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். நேரத்தைப் பொறுத்தவரை, புராக்ஸி எடுப்பது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாத வேலை. இரவு கணினியை விட்டுவிட்டுப் போனால் காலையில் தயாராக இருக்கும். நான்கு கேமராவும் சிக்கிச் சிக்கி ஓட, ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு நொடி காத்திருக்கும் எடிட்டர் ஒரு வாரத்தில் இழக்கும் நேரத்தோடு இதை ஒப்பிட வேண்டும். இரண்டே நிமிட ரீல்ஸுக்கு இது தேவையில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே ப்ளேபேக் தரத்தை அரை, கால் என்று குறைத்து வைத்தாலே போதும்.

அப்டேட் தருவதும் எடுப்பதும்

அப்டேட்டின் பக்கம் உள்ள நியாயத்தையும் எடை போட வேண்டும். புதிய கேமரா எழுதும் கோப்பைப் பழைய பதிப்பு திறக்கவே மறுக்கலாம். புதிய சில்லில் 4:2:2ஐப் பிரிக்கும் திறன் இருந்தாலும், அதைக் கேட்டு வாங்கத் தெரிந்த பதிப்பு இல்லாவிட்டால் அந்தத் திறன் தூங்கிக் கிடக்கும். பிழையும் திருத்தப்படுகிறது. 2017இல் பிரீமியரின் ஒரு பதிப்பில், கேஷ் எனும் தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் வசதி, கேஷ் அல்லாத கோப்புகளையும் சில சூழல்களில் அழித்துவிடும் ஆபத்து இருந்தது. அடுத்த சிறு பதிப்பு அதைச் சரிசெய்தது. கோப்புகளை இழந்த ஒருவர் வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அந்தப் பிழை போனது. இங்கே அப்டேட் செய்யாமல் இருந்ததுதான் ஆபத்து. ஆனால் இதே சம்பவத்துக்கு மறுபக்கமும் உண்டு. பிழை புகுந்ததும் ஒரு பதிப்பின் வழியாகத்தான், முதல் நாளே ஓடிப்போய் ஏற்றியவர்களுக்கே அது முதலில் காத்திருந்தது.

அதைவிடப் பெரிய பாடங்கள் இரண்டு. 2011 ஜூனில் ஆப்பிள் ஃபைனல் கட் புரோ எக்ஸை வெளியிட்டபோது, முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த வேலைகளை அதில் திறக்க முடியவில்லை. உலகெங்கும் பல எடிட்டர்கள் வேறு மென்பொருளுக்குத் தாவினார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறொன்று வந்துவிடலாம் என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது, 2019 செப்டம்பரில் ஹாலிவுட்டில் நடந்தது. எடிட்டிங் அறைகளில் மேக் கணினிகள் வரிசையாக உயிர்விட்டன. ஏவிட் மென்பொருள்தான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் பிடிபட்டது கூகுள் குரோம் உலாவியோடு வரும் தானியங்கி அப்டேட்டர். பாதுகாப்பு அமைப்பு ஒன்றை அணைத்து வைத்திருந்த கணினிகளில் அது அமைப்புக் கோப்பைச் சேதப்படுத்தியிருந்தது. எடிட்டிங் மேசையில் நிற்கும் கணினியில் எடிட்டிங் மென்பொருள் மட்டுமே மாறுவதில்லை. இயங்குதளம், டிரைவர், உலாவி என ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. நேற்று ஓடியது இன்று சிக்கினால், “நான் எதையும் மாற்றவில்லையே” என்று சொல்லும் எடிட்டர் உண்மையே பேசுகிறார், ஆனால் கணினி மாற்றியிருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது இந்த வாரம் என்னென்ன தானாக ஏறியது என்ற பட்டியலை. அப்போது மருந்து முன்னோக்கிப் போவது இல்லை, முந்தைய டிரைவருக்குத் திரும்புவது.

பின்னோக்கித் திரும்ப முடியாத இடமும் இருக்கிறது. புதிய பதிப்பில் ஒருமுறை திறந்து சேமித்த பிராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது. ரிசால்வ் போன்றவற்றில் பிராஜெக்ட் நூலகத்தையே புதிய வடிவுக்கு ஏற்றிவிட்டால் அது ஒருவழிப் பாதை. பாதி வெட்டிய கல்யாணத்தை வைத்துக்கொண்டு பதிப்பு மாற்றுவது, நடுக்கடலில் வள்ளத்தின் பலகையைக் கழற்றுவதற்குச் சமம்.

மறுப்புகளும் விடைகளும்

“அப்டேட் போட்டதும் சரியாகிவிட்டதே” என்பது அனுபவத்தின் மேல் நிற்கும் மறுப்பு, அதனால் வலுவானது. ஆனால் அப்டேட் போடும்போது வேறு பலவும் நடக்கின்றன. கணினி அணைந்து மீண்டும் எழுகிறது, பழைய அமைப்புகள் மாறிப் புதியவை வருகின்றன, கேஷ் புதிதாக உருவாகிறது, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பத்து நிரல்கள் மூடப்படுகின்றன. குணமாக்கியது இவற்றில் எது? கேஷைத் துடைத்து, அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பி, கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்த்த பிறகும் சிக்கல் தொடர்ந்து, அதன்பின் அப்டேட்டில் தீர்ந்திருந்தால்தான் பெருமை அப்டேட்டுக்குப் போகும். அந்த மூன்றும் பத்து நிமிட வேலை, வெட்டிய படத்தில் எதையும் இழக்க வைக்காதவை. கேஷ் என்று காட்டிய ஃபோல்டரில் வேறு கோப்பு ஏதும் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் தேவை.

பாதுகாப்பு என்ன ஆவது என்பது இரண்டாவது மறுப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவ்களில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்த மறுப்பை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அது சொல்வது பாதுகாப்புத் திருத்தங்களைப் பற்றி. அவற்றைத் தாமதிக்கக் கூடாது. எடிட்டிங் மென்பொருளின் புதிய பெரும் பதிப்பு வேறு விஷயம். இரண்டையும் “அப்டேட்” என்ற ஒரே சொல்லில் கட்டிப் பேசுவதால் வரும் குழப்பம் இது. டிரைவரிலும் இதே வேறுபாடு உண்டு. என்விடியா 2019 முதல் விளையாட்டுக்கு ஒன்று, படைப்பு வேலைக்கு ஒன்று என இரு வரிசைகளில் டிரைவர் தருகிறது. எடிட்டிங் மேசைக்கு உரியது இரண்டாவதே.

“இத்தனை பாடு எதற்கு, புதுக் கணினி வாங்கிவிடலாமே” என்பது பணமுள்ளவர் மறுப்பு. வாங்கலாம், திணறல் குறையும். ஆனால் 30ஐ 25ஆக்கும் தாவலும், வாட்ஸ்அப் கோப்பின் துள்ளலும், மானிட்டரின் உதறலும் புதுக் கணினியிலும் அப்படியே இருக்கும், இரண்டு லட்சம் செலவழித்த ஆத்திரம் மட்டும் கூடுதலாக இருக்கும். வாங்குவதென்றாலும் எந்தக் கோப்பு வகையில் வேலை செய்கிறோம், அதைப் பிரிக்கத் தெரிந்த சில்லு எது என்று பார்த்து வாங்க வேண்டும். விலைப் பட்டியலைப் பார்த்து வாங்கினால் மேலே சொன்ன விசித்திரம்தான் மிஞ்சும்.

நான்காவது, வெளியே சொல்லாத மறுப்பு: கையில் இருப்பது கிராக் பதிப்பு, அதை எப்படி அப்டேட் செய்வது? பூட்டு உடைத்த பதிப்பில் இருப்பவருக்குப் பிழைத் திருத்தம் கிடைக்காது. தடுமாறுவது மென்பொருளின் இயல்பான பிழையாலா, உடைத்தவன் கைவைத்ததாலா என்று கண்டறியவும் வழியில்லை. நோய் நாடுவதையே முடியாததாக்குவது அதன் உண்மையான விலை. பணம்தான் தடை என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் கேடிஎன்லைவும் இருக்கின்றன. இலவசப் பதிப்பில் சில கோப்பு வகைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, எளிய வடிவுக்கு மாற்றிவிட்டால் அதுவும் பெரும்பாலும் தடையாகாது.

எந்த நாளில்?

இவ்வளவையும் கோத்துப் பார்த்தால் வரிசை தானே அமைகிறது. முதலில் இருபது நொடிச் சோதனை. குறை கோப்பில் என்றால் ஃபிரேம் வேகத்தைச் சீராக்குவது, அடுத்த முறை செல்போனையும் 25 அல்லது 50க்கு மாற்றி எடுக்கச் சொல்வது. ஐஃபோனில் நம் 25 ஃபிரேம் தொலைக்காட்சி முறையான பால் (PAL) வடிவங்களைக் காட்டும் தெரிவு அமைப்புகளிலேயே இருக்கிறது. குறை கணினியில் என்றால் கேஷ், சூடு, மின்சாரம், டிஸ்க், பிறகு புராக்ஸி. இவற்றுக்குப் பிறகும் மிஞ்சும் தடுமாற்றத்துக்கே அப்டேட். அதற்கும் ஒரு நாள் பார்க்க வேண்டும். கையில் இருந்த வேலைகளை ஒப்படைத்து, பிராஜெக்டுகளுக்கு நகல் எடுத்து, பழைய பதிப்பின் நிறுவல் கோப்பைப் பத்திரப்படுத்திய பிறகு வரும் நாள் அது. கல்யாண வேலை நடத்துகிறவர்களுக்கு அந்த நாள் காலண்டரிலேயே இருக்கிறது. ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதத்தில் முடித்த வேலை ஒன்றின் நகலைப் புதிய பதிப்பில் திறந்து, நான்கு கேமராவையும் ஓடவிட்டு, ஒரு பாட்டை எக்ஸ்போர்ட் செய்து டி.வி.யில் பார்த்துவிட்டால், ஆவணியில் முதல் மெமரி கார்டு வரும்போது மேசை தயாராக இருக்கும்.